ஒரு கஜ நீள உறை

என்னை யாரும் மிரட்டவில்லை.

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். போலீஸ் மிரட்டித்தான் நான் கையெழுத்துப் போட்டேன் என்று முப்பது வருஷமாக எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உண்மை அதுவல்ல. அந்த ஏட்டு என்னை "பாய்" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். மூடியைக் கழற்றித் தன் பேனாவைக் கொடுத்தார். நானாகவேதான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தால் ஒரு மனிதர் இருபத்து மூன்று நாள் சிறையில் இருந்தார்.

அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்!

நான் தையல்காரன். தியாகதுருகம் கடைத்தெருவில், என் அக்காவின் கணவர் வைத்திருந்த துணிக்கடையின் முகப்பில் மெஷின் போட்டிருந்தேன். படித்தது பத்தாவது வரை. கூச்ச சுபாவம். எப்படிப்பட்ட கூச்சம் என்றால், அளவு எடுக்கும்போது கூட வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க மாட்டேன். மார்பளவு, இடுப்பளவு, கையளவு... மனிதர்களை அப்படித்தான் எனக்குத் தெரியும். நான்கு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மனிதரின் பெயர் சவரிமுத்து. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கிராமம். கரும்பு வெட்டுவார். அரவைக் காலத்தில், வேறொருவருக்குச் சொந்தமான மாட்டு வண்டியில் கரும்பு ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு ஓட்டுவார். அவர்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை பாஸ்கு நாடகம் போடுவார்கள். ஏசுவைப் பிடித்துப் போவதிலிருந்து சிலுவையில் அறைவது வரை எல்லாம் அதில் உண்டு. சவரிமுத்து பன்னிரண்டு வயதில் தீப்பந்தம் பிடிக்கும் சிப்பாயாக ஏறியவர். பிறகு ஈட்டி பிடித்தார், கேடயம் பிடித்தார். அந்த வருஷம்தான் ரோமாபுரிச் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவன் வேஷம் அவருக்குக் கிடைத்திருந்தது. மற்ற சிப்பாய்களுக்குக் கட்டைக் கத்தி, மேலே ஜிகினாத் தாள். தலைவனுக்கு மட்டும் நிஜ இரும்பு. லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, ஊர் கொல்லர் செய்து கொடுத்திருந்தார்.

அதற்கு உறை தைக்க என்னிடம் வந்தார்.

கத்தியைக் கொண்டுவரவில்லை. கையாலேயே அளவு சொன்னார். "ரெண்டு சாண், நாலு வெரலு பாய். வார் வலது பக்கம் வெச்சித் தை" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆனால் நம்பவில்லை. சிப்பாய்த் தலைவனுக்கு இரண்டு சாணில் வாளா? நான் பார்த்த ராஜா வேஷங்களில் எல்லாம் வாள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தொங்கும். வலது கைக்காரன் இடது பக்கம்தான் உறையைக் கட்டுவான். பாவம், தெரியாமல் சொல்கிறார், கத்தியைச் சரியாக அளக்காமல் வந்திருக்கிறார் போல என்று நினைத்தேன். திருப்பிக் கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கக் கூச்சம்! பஸ் சீட்டுக்குப் போடும் பழுப்பு ரெக்ஸினில், ஒரு கஜ நீளத்துக்கு, வாரை இடது பக்கம் வைத்து, கம்பீரமாக ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். விளிம்பில் பித்தளைப் பொத்தான் கூட வைத்தேன். அது என் சொந்த யோசனை.

அடுத்த வாரம் உறையோடு திரும்பி வந்தார். அடக்க முடியாத சிரிப்பு. ஒத்திகையில் அதைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். மேல்பாதியில் கத்தி இருக்க, கீழ்ப்பாதி வெறுமையாக ஆடி ஆடிக் காலுக்குள் புகுந்து அவரைக் குப்புறத் தள்ளிவிட்டதாம். பிடிபட வேண்டிய ஏசுவே சிரித்துவிட்டாராம்.

"வாளுக்கு ஒறை கேட்டா வாலு தைச்சிக் குடுத்துட்டியே பாய். எங்க ஊரு பூரா, வாலு தைச்ச டெய்லர் யாருன்னு கேட்டுக்கினு கீறாங்க."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். என் காதுமடல் சுட்டது.

பிறகு பொறுமையாக விளக்கினார். அவர்கள் ஊர்ச் சாமியார் ஒரு படப் புத்தகத்தில் காட்டினாராம். ரோமாபுரிச் சிப்பாய்கள் தோளோடு தோள் ஒட்டி, கேடயங்களைச் சுவர்போல் வைத்து முன்னே நகர்வார்கள். நீட்டி வீச அங்கே இடம் கிடையாது. அதனால்தான் வாள் குட்டை. இடது கையில் கேடயம் இருப்பதால், வலது கையாலேயே வலது இடுப்பிலிருந்து உருவுவார்கள். "வெட்றது இல்ல பாய் அது. குத்துறது" என்று கையை மடக்கி முன்னால் நீட்டிக் காட்டினார்.

அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் குனிந்துகொண்டே, கத்தியையே கொண்டுவாருங்கள், டேப் வைத்து அளந்து தைக்கிறேன் என்றேன். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். உறையை வாங்கி மெஷினுக்கு அடியில் போட்டேன். என் மச்சான் கண்ணில் அது படக்கூடாது என்பதுதான் அன்றைக்கு என் பெரிய கவலை!

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். அந்த வாரம் மறுபடி சாலை மறியல். புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து போலீஸ் வந்து இறங்கியிருந்தது. கடைகள் பாதிக் கதவைத் திறந்து வைத்து வியாபாரம் பார்த்தன. சவரிமுத்துவுக்கும் போராட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாடகத்துக்கு இன்னும் பத்தே நாள்தான் இருந்தது. அதனால் கத்தியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, வயல்வெளியாகவே நடந்து வந்துவிட்டார். நான் வரச் சொல்லித்தான் வந்தார்.

என் கடைக்கு நேர் எதிரே போலீஸ் வேன் நின்றிருந்தது. துண்டை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தார்.

"நாடகத்துக்கு சார். அதோ, அந்த பாய்கிட்டதான் ஒறை தைக்கக் குடுத்துக்கீறேன். கேட்டுப் பாருங்க" என்று என்னைக் கை காட்டினார்.

ஏட்டு சாலையைக் கடந்து வந்தார். பின்னாலேயே கடைத்தெரு முழுவதும் வந்தது. பாத்திரக்கடைக்காரர், டீக்கடையில் நின்றவர்கள், என் மச்சான்... இருபது பேர் இருக்கும். எல்லாக் கண்களும் என் மேல்.

"அப்படியா பாய்? உறை தைக்கிறீங்களா?" என்று கேட்டார் ஏட்டு. குரலில் மிரட்டல் இல்லை. ஆமாம் என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார் என்றே இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். குனிந்து, மெஷினுக்கு அடியில் கிடந்த அந்த உறையை எடுத்துக் காட்ட வேண்டும். இதோ, இதுதான் சார் அளவு தப்பிப் போன உறை, சரியாகத் தைக்கத்தான் கத்தியைக் கொண்டுவரச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்!

இரண்டடி கூட இல்லாத கத்தியையும் ஒரு கஜ உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? இருபது பேரும் சிரிப்பார்கள். "வாலு" என்று சவரிமுத்து சொல்லாமல் இருப்பாரா? மறுநாளிலிருந்து தியாகதுருகத்தில் நான் வாலு டெய்லர். எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்...

காலால் உறையைத் துணுக்கு மூட்டைக்குப் பின்னால் தள்ளினேன்.

"தெரியாதுங்க சார்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஏட்டு இன்னொரு தடவை கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

சவரிமுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் லேசாகத் தலையசைத்தார். 'சரி பாய், பயந்துட்ட, வுடு' என்பதுபோல. அதற்கு மேல் அவர் என் பேச்சை எடுக்கவே இல்லை. என்னையும் இழுத்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார். எனக்காக!

இதோடு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை.

கைப்பற்றிய பொருளுக்கு மகஜர் எழுத வேண்டும், சாட்சி வேண்டும் என்றார் ஏட்டு. என் கழுத்தில் டேப் தொங்கியது. "நீங்களே அளந்து சொல்லுங்க பாய்" என்று கத்தியை மெஷின் மேல் வைத்தார். அளந்தேன். அலகு இருபத்தொரு அங்குலம். இரண்டு சாண், நாலு விரல். ஒரு நூல் கூட வித்தியாசம் இல்லாமல் அவர் சொன்ன அதே அளவு! டேப்பின் நுனியைப் பிடிக்கும்போது கத்தியின் முனையில் என் கட்டைவிரல் பட்டது. சாமியார் சொல்லி முனையை உருட்டி வைத்திருந்தார்கள். ஒரு கொய்யாப்பழத்தைக் கூட அதனால் குத்த முடியாது.

"இது என்ன மாதிரி கத்தி பாய்? அரிவாளும் இல்ல, சூரியும் இல்ல."

தெரியாது என்று மறுபடி சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒன்றுமே தெரியாதவன் போல் நிற்பதும் எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"இது வெட்றது இல்ல சார். குத்துறது."

தெரியாத கத்தியைப் பற்றி இவனுக்கு இது மட்டும் எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்தும் காட்டினார். 'குத்திக் கொலை செய்யக்கூடிய, கூர்மையான முனையுள்ள குத்துவாள் ஒன்று.'

கூர்மை என்று நான் சொல்லவில்லையே! சொல்லவில்லைதான். அந்த முனையைத் தொட்ட விரல் என்னிடம் இருந்தது. வாய்தான் இல்லை. அதே விரலால் பேனாவைப் பிடித்து, முழுப்பெயரையும் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அவர்கள் ஊர்ச் சாமியார் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறார். நாடகக் கத்தி என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். கொலை ஆயுதம் என்று உள்ளூர்ச் சாட்சியே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். ஜாமீன் கிடைக்க இருபத்து மூன்று நாள் ஆனது. அதற்குள் நாடகம் முடிந்துவிட்டது. தலைவன் வேஷத்தை வேறொருவர் ஒரு கட்டைக் கத்தியோடு ஆடினார். வண்டிச் சொந்தக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

வழக்கு நான்கு வருஷம் இழுத்தது. கள்ளக்குறிச்சிக் கோர்ட்டுக்கு எனக்கும் சம்மன் வரும். ஒவ்வொரு தடவையும், இன்றைக்குச் சொல்லிவிடுவேன், உறையை எடுத்துக் காட்டிவிடுவேன் என்று அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவேன். ஒவ்வொரு தடவையும் வாய்தா. வராந்தாவில் சவரிமுத்துவும் நிற்பார். நான் ஒளிந்தாலும் தேடி வந்து டீ வாங்கிக் கொடுப்பார்.

ஒரு நாள் சொன்னார், "நீ இன்னா பாய் என்னைப் பாத்தா இப்பிடி நடுங்குற? உன்னை மெரட்டித்தான் வாங்கினாங்கன்னு எனக்குத் தெரியாதா? நம்ம மாதிரி ஆளு அவுங்ககிட்ட இன்னா பண்ண முடியும்?"

நம்ம மாதிரி ஆளு... நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். உண்மையை மறைத்தவன் என்றால் நான் அந்த நிமிஷத்தில்தான் முழுதாக அப்படி ஆனேன். கடைத்தெருவில் சொன்னது திடீரென்று வந்த பொய். யோசித்துச் சொன்ன பொய் அந்தத் தலையாட்டல்தான்.

பிறகு ஒரு நாள், போராட்டக் கால வழக்குகளை அரசாங்கம் திரும்பப் பெற்றபோது இதுவும் அதோடு போனது. கோர்ட் வாசலில் பலர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லோரையும்விட நிம்மதியாக வீட்டுக்குப் போனவன் நான்தான் என்பேன். அவர்கள் வழக்கிலிருந்து தப்பினார்கள். நானோ உண்மையைச் சொல்வதிலிருந்து தப்பினேன்! அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

சவரிமுத்துவுக்கு வழக்கு போனதே தவிரப் பேச்சு போகவில்லை. கேஸ்காரனுக்கு வேஷம் கொடுக்கக் கூடாது என்று அவர் ஊரில் சிலர் நின்றார்களாம். அவர் மனைவி ஆரோக்கியத்தின் உறவினர் யாரோ கல்வராயன் மலையில் மரவள்ளி போட்டிருக்க, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், இப்போது ஐம்பத்து மூன்று வயது. தொழும்போது அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், பலமுறை. ஆனால் மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதனிடமே போய்த்தான் தீர்க்க வேண்டும் என்று பள்ளிவாசல் பயானில் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன்.

பயத்தில் செய்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லி வந்தேன். போலீசுக்குப் பயப்படுவது கௌரவமான விஷயம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். போன வருஷம் சாலை விரிவாக்கத்துக்காகக் கடையின் முகப்பை இடித்தார்கள். சாமான்களை ஒதுக்கியபோது பரணிலிருந்து அந்த உறை விழுந்தது. ரெக்ஸின் வெடித்திருந்தாலும் பொத்தான் இருந்தது. கையில் எடுத்த உடனே தெரிந்துவிட்டது. பயம் இல்லை. வெட்கம். ஒரு தையல் பிழைக்காக ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறேன்!

அடுத்த திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியிலிருந்து, கல்வராயன் மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ் ஏறினேன்.

விசாரித்து விசாரித்து மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஓட்டு வீடு, சுற்றிலும் மரவள்ளி. வாசலில் சவரிமுத்து கிழங்கு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "டெய்லர் பாய்தான நீ? இன்னா இவ்ளோ தூரம்?" என்றார்.

உட்கார்ந்தால் வாய் வராது என்று நின்றபடியே சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கி என்னை யாரும் மெரட்டலீங்க."

கிழங்கைத் தட்டும் கை நின்றது. "பின்ன?" என்றார்.

பையிலிருந்து உறையை எடுத்தேன். "இத நாலு பேருக்கு முன்னால எடுத்துக் காட்ட வெக்கமா இருந்திச்சி. அதான்."

வாங்கிப் பார்த்தார். வெடித்த ரெக்ஸினை விரலால் நீவினார். பிறகு எழுந்து, அதைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். வலது இடுப்பில். உறையின் நுனி கணுக்காலில் இடித்தது. உள்ளேயிருந்து வந்த ஆரோக்கியம், "ஐய, இன்னா இது, வாலு மாதிரி" என்றார். அவ்வளவுதான். சவரிமுத்து சிரிக்கத் தொடங்கினார். அந்த அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்கள்.

முப்பது வருஷமாக நான் பயந்த சிரிப்பு அதுதான். அது வந்தது... என் மேல் விழுந்தது... எனக்கு ஒன்றும் ஆகவில்லை! மலைக்காற்று அடித்தது, கோழி மேய்ந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவுதானா? இதற்காகவா?

"எங்க நாடகத்துலயும் ஏசுவோட சீடரு ஒர்த்தரு வருவாரு பாய். அந்த ஆளைத் தெரியவே தெரியாதுன்னு மூணு தபா சொல்லுவாரு. ஒடனே கோழி கூவிடும்" என்று கண்ணைத் துடைத்தார். "உனுக்குக் கோழி கூவ முப்பது வருசம் ஆயிக்கீது."

பிறகு சிரிப்பு அடங்கியது. உறையின் பொத்தானைத் திருகிக்கொண்டே, "அந்த வருசம் நான்தான் பாய் தலைவன். அதுக்கப்புறம் ஒரு பந்தம் புடிக்கக்கூட என்னைக் கூப்புடல" என்றார்.

என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றேன். அவர் அதைக் கேட்டார். எனக்குத் தெரியும், நன்றாகவே கேட்டார். ஆனால் உறையை மடித்து என் பையில் வைத்தார்.

"எடுத்துக்கினு போ. கத்தி இல்லாம இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நாலு மணிக்கி பஸ்ஸு. வுட்டா நாளைக்கித்தான்."

ஆரோக்கியம் இரண்டு கிழங்கைப் பையில் போட்டார். நான் இறங்கி நடந்தேன்.

பஸ் வளைவு வளைவாகக் கீழே வரும்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? லேசாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு லேசாக! அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தாலும் அந்த இருபத்து மூன்று நாள் திரும்பி வராது, அந்த வேஷம் வராது. ஆனாலும் ஒரு பொய்யாவது குறைந்தது. கச்சிராயபாளையம் தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் நானாகவே பேச்சுக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

இப்போது அந்த உறை என் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. துணி கொடுக்க வருபவர்கள் இது என்னவென்று கேட்பார்கள். இரண்டு சாண் கத்திக்கு நான் தைத்த உறை என்பேன். சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போதெல்லாம் எனக்குச் சிரிக்க வருகிறது.

பிறகு யாராவது ஒருவர், "சரி பாய், அந்தக் கத்திக்காரரு இன்னா ஆனாரு?" என்று கேட்பார்.

மெஷினை நிறுத்துவேன். அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். என்னை யாரும் மிரட்டவில்லை என்று தொடங்குவேன்.